கிளிநொச்சியா, வவுனியாவா, யாழ்ப்பாணமா: குடியிருக்க ஊர் தேடும் வன்னிக் குடும்பங்களுக்கு

வட இலங்கையின் வன்னியில் காணியும் உறவும் உள்ள குடும்பங்கள் பல இன்று ஒரே கேள்வியில் தடுமாறி நிற்கின்றன. மூத்த பிள்ளை தரம் 9க்கு வந்ததும், அரச உத்தியோகத்தில் இடமாற்றக் கடிதம் கிடைத்ததும், வெளிநாட்டிலிருக்கும் மகன் தொலைபேசியில் "வீடு கட்டுறதெண்டா எங்க கட்டுறது, அப்பா?" என்று கேட்டதும், கிளிநொச்சியிலேயே இருந்துவிடுவதா, தெற்கே வவுனியாவுக்குப் போவதா, வடக்கே யாழ்ப்பாணத்துக்குப் போவதா என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடுகிறது. அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு என் வீட்டு விறாந்தைக்கு வந்து போனவர்கள் பலர். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை ஒழுங்குபடுத்தி ஓரிடத்தில் எழுதிவைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

நான் கிளிநொச்சி உருத்திரபுரத்தில் பிறந்தவன். என் தகப்பனார் ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய கமக்காரர். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதி ஓய்வு பெற்றேன். போரினால் 1996இலும் 2008இலும் ஊரைவிட்டுப் போனோம். இரண்டாவது தடவை செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியேறி வவுனியாவில் ஒன்றரை ஆண்டு வாடகைக்கு இருந்துவிட்டு 2011இல் திரும்பினோம். பின்னர் பேரப்பிள்ளை பிறந்தபோது யாழ்ப்பாணத்தில் மகள் வீட்டில் ஓர் ஆண்டு தங்கியிருந்தேன். மூன்று ஊரின் கிணற்றிலும் தண்ணீர் அள்ளியவன் என்ற வகையில் எழுதுகிறேன். கிளிநொச்சியில் எனக்குப் பற்று உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன் குறைகளைத்தான் மற்ற இரண்டு ஊர்களின் குறைகளைவிட விரிவாக எழுதியிருக்கிறேன், ஏனெனில் அவற்றைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

## எவற்றை வைத்து அளப்பது

ஊர் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களில் வருகிறார்கள். மழை ஓய்ந்திருக்கும், குளம் நிறைந்திருக்கும், வயலில் அறுவடை நடக்கும், காற்றும் இதமாக இருக்கும். அந்த மாதங்களில் வன்னியில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். ஓர் ஊரை அதன் கெட்ட மாதத்தில் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும் என்பதே என் முதல் அளவுகோல். எங்கள் பக்கத்தில் கெட்ட காலம் இரண்டு: ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரி வெள்ளம் ஒன்று, ஆனி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று புழுதியை வாரியிறைக்கக் கிணறுகள் கீழே போகும் வறட்சி மற்றொன்று.

அந்த இரண்டு காலங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஐந்து விடயங்களைப் பார்க்க வேண்டும். குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது முதலாவது. காணிக்கு உள்ள பத்திரம் எத்தகையது என்பது இரண்டாவது. பிள்ளையின் படிப்பு மூன்றாவது. அதில் பாடசாலையின் பெயரைவிடப் பல்கலைக்கழக அனுமதியின் மாவட்டக் கணக்கு பெரிது. இரவு பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எத்தனை மணி நேரத்தில் சரியான வைத்தியரிடம் போய்ச் சேரலாம் என்பது நான்காவது. உழைப்பும் அயலும் ஐந்தாவது. காணி விலையை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. விலையை எல்லோரும் முதலிலேயே விசாரித்துவிடுகிறார்கள்; பிறகு மாதாமாதம் கட்டப்போவதைத்தான் விசாரிப்பதில்லை.

## கிளிநொச்சி

கிளிநொச்சி தானாக வளர்ந்த ஊரல்ல, திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது. 1902இல் தொடங்கி 1920இல் முடிந்த இரணைமடுக் குளத்தின் கீழ், யாழ்ப்பாணத்தின் இட நெருக்கடியையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் குறைக்கவென 1936இல் தொடங்கிய குடியேற்றத்திலிருந்து பிறந்தது இது. 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பகுதியாகவே இருந்தது. இந்த வரலாறு இன்றைய வாழ்க்கையில் இரண்டு விதமாகத் தெரிகிறது. ஊர் கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதியின் இரு கரையிலும் நாடாபோல நீண்டு கிடக்கிறது. கரடிப்போக்கிலிருந்து 155ஆம் கட்டை வரை போனாலும் நகரத்தின் நடு எது என்று சொல்ல முடியாது. மற்றது, மாவட்டத் தலைநகராக இருந்தும் இதற்கென ஒரு நகரசபை இல்லை. கரைச்சிப் பிரதேச சபையே நகரத்தையும் சுற்றியுள்ள கமக்காரக் கிராமங்களையும் சேர்த்துப் பார்க்கிறது. சந்தை வடிகாலுக்கும் உள்வீதி மின்விளக்குக்கும் வேண்டிய பணம் வாய்க்கால் மதகுக்கும் கிராம வீதிக்கும் வேண்டிய பணத்தோடு போட்டியிடுகிறது. மழைக்குப் பின் உள்வீதிகள் சேறாகக் கிடப்பதைப் பார்த்து அலுத்துக்கொள்பவர்கள் இந்தக் காரணத்தையும் அறிந்திருப்பது நல்லது.

தண்ணீரை எடுத்துக்கொண்டால், வாய்க்காலுக்குக் கீழே உள்ள காணிகளில் கோடை நெற்செய்கையான சிறுபோகம் நடக்கும் ஆண்டுகளில் கிணறு ஆவணியிலும் கைவிடுவதில்லை. வாய்க்கால் தண்ணீர் ஊறி ஊறிக் கிணற்றுக்கு வருகிறது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாத ஆண்டில் அதே கிணறு அடி தெரிகிறது. ஆகவே கிளிநொச்சியில் வீடு வாங்குபவர், தான் கமம் செய்யாவிட்டாலும், சித்திரைக்கு முன் நடக்கும் சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் தீர்மானிக்கப்பட்டது என்பதைக் கவனிக்கப் பழக வேண்டும். கனகபுரத்திலும் உருத்திரபுரத்திலும் கிடைக்கும் நல்ல தண்ணீரைப் பூநகரிப் பக்கம் எதிர்பார்க்கக் கூடாது. அங்கே உவர் பெரிய தொல்லை.

வெள்ளம் இதன் மறுபக்கம். 2018 மார்கழியில் ஓரிரவில் கொட்டிய மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட, குளத்துக்குக் கீழே பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் தண்ணீருக்குள் போனது. முரசுமோட்டையில் இருக்கும் என் தங்கை அன்றிரவு நெல் மூட்டைகளைக் கட்டிலின் மேல் ஏற்றினாள். பிறகு கட்டிலை மேசைகளின் மேல் ஏற்றினாள். விடியும்போது அந்த மேசைகளின் கால்கள் தெரியவில்லை. வெள்ளம் வடிந்தபின் சுவரில் நின்ற சேற்றுக்கோடு என் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. இவ்வளவுக்கும் குளத்தை நேரில் பார்த்தால் அது வீட்டிலிருந்து கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்கிறது. காணி பார்க்க வருபவர்களுக்கு வெயிலில் எல்லாக் காணியும் ஒரே மட்டமாகத்தான் தெரியும்.

அடுத்து, காணிப் பத்திரம். கிளிநொச்சியில் விற்பனைக்கு வரும் காணியில் பெரும்பங்கு குடியேற்றக் காணி, அதாவது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. இதை முழு உரிமையுள்ள உறுதிக் காணிபோல நினைத்த மாத்திரத்தில் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. பிரதேச செயலாளரின் ஒப்புதல் வேண்டும். வாரிசைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாமல் உரிமையாளர் இறந்துவிட்டால், 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை ஆண்பிள்ளைக்கே சட்டத்தில் முன்னுரிமை இருந்தது. போரில் கணவனையும் மகனையும் பத்திரத்தையும் ஒன்றாக இழந்த பெண்கள் இந்த ஒரு விதியால் எத்தனை ஆண்டுகள் செயலகப் படியேறினார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். குறைந்த விலைக்குக் கையெழுத்துத் துண்டில் "பெர்மிட்" காணி வாங்கி வீட்டையும் கட்டி முடித்தபின், காணி இன்னும் வேறொருவர் பெயரில் இருக்கிறது என்று அறிந்துகொள்வதே இந்த ஊரின் மிகப் பெரிய மறைசெலவு. முத்திரைக் கட்டணத்தையும் சட்டத்தரணி கட்டணத்தையும் மிச்சம் பிடித்தவர்கள் காணியையே இழந்த கதைகள் உண்டு.

பாடசாலைகளைப் பற்றிச் சொல்வது மனத்துக்குக் கடினமாக இருக்கிறது. மத்திய கல்லூரி உள்ளிட்ட நகரப் பாடசாலைகள் அழிவிலிருந்து எழுந்த வேகத்தை நான் கண்ணால் கண்டேன்; தகரக் கொட்டகையில் படித்த பிள்ளைகள் பொறியியலாளர்களாகவும் வைத்தியர்களாகவும் வந்திருக்கிறார்கள். ஆனாலும் ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணத்திலிருந்து நாள்தோறும் வந்து போகிறவர்கள். பாடசாலை மணி அடித்ததும் அவர்கள் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கிறது. பிற்பகலில் சந்தேகம் கேட்க ஆளில்லாத பிள்ளை ரியூசனுக்குப் போகிறது. உயர்தரக் கணித, விஞ்ஞானப் பாடங்களுக்கு நல்ல ரியூசன் தேடி வார இறுதியில் யாழ்ப்பாணமே போகிற பிள்ளைகளும் உண்டு. அந்தப் பஸ் கட்டணத்தையும் பிள்ளையின் களைப்பையும் படிப்புச் செலவில் சேர்க்க வேண்டும்.

இதற்கு எதிரே நிறுத்தவேண்டிய ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தது என்பதைப் பொறுத்தே மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. கிளிநொச்சியில் இருந்திருந்தால் தன் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியோடு (அனுமதிக்கு வேண்டிய குறைந்த புள்ளி) போட்டியிட்டிருக்கக்கூடிய பிள்ளையைச் சாதாரணதரம் முடிந்ததும் யாழ்ப்பாணத்துக்கு மாற்றுகிற பெற்றோர், பெயர்பெற்ற கல்லூரியின் சீருடையைப் பார்க்கிறார்களே ஒழிய இந்த மாற்றத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையை மாற்றுவதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வாண்டுக் கைந்நூலை வாங்கி, இரு மாவட்டங்களின் இசட் வெட்டுப்புள்ளிகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கும்படி நான் எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

வைத்தியத்தில் நிலைமை முன்னேறியிருக்கிறது. மாவட்டப் பொது வைத்தியசாலை பிள்ளைப்பேற்றுக்கும் சாதாரண சத்திரசிகிச்சைக்கும் போதும். பெண்கள் நலனுக்கான புதிய சிகிச்சை நிலையமும் 2024இல் திறக்கப்பட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவுவண்டி இலவசமாக வருகிறது. ஆனால் இருதயம், மூளை, புற்றுநோய் என்றால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோதான் போக வேண்டும். யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 65 முதல் 70 கிலோமீற்றர். ஓராண்டு நான் என் கொப்பியில் எழுதிப் பார்த்தேன்: மனைவியின் சிகிச்சைக்காக மட்டும் பதினேழு தடவை போய் வந்திருந்தோம். ஒவ்வொரு தடவையும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, இருட்டில் ஏ-9க்கு நடந்து, பகல் முழுவதும் வாங்கில் இருந்து, மாலை ஆறுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மருந்து இலவசம், ஆனால் அந்தப் பதினேழு நாள்களும் எங்களுக்கு இலவசமாக இருக்கவில்லை.

உழைப்பு என்று பார்த்தால், காணியைக் கையால் தொடுபவர்க்கே இந்த ஊர் கைகொடுக்கிறது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் ஆடைத் தொழிற்சாலையும் இருக்கின்றன. மற்றப்படி அரச வேலை, கடை, கமம்தான். இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் பெற்று வீடு கட்டத் தொடங்கியவர்களில் பலர் மிச்சத்தை நகை அடகிலும் நுண்கடனிலும் கட்டி முடித்தார்கள். வாரக் கடன்காரர் படலையில் நிற்கும் காட்சி இன்னும் மறையவில்லை. அதோடு இது எல்லோரும் சமமாகத் தொடங்கிய ஊரும் அல்ல. வாய்க்காலின் கீழ் மூன்று ஏக்கர் கிடைத்தவர்கள் ஒரு பக்கம். 1958, 1977 வன்செயல்களின்பின் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வந்து, பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற மேட்டு நிலங்களில் குடியேறி, இன்றும் கூலிவேலையை நம்பியிருப்பவர்கள் மறுபக்கம். அந்தப் பிளவைக் காணாதவர் கிளிநொச்சியைக் கண்டதாகச் சொல்ல முடியாது.

சிறு தொல்லைகளும் உண்டு: இரவில் ஏ-9இல் படுத்துக் கிடக்கும் கட்டாக்காலி மாடுகள், தென்னையில் குரும்பை நிற்கவிடாத குரங்குகள், அந்தி சாய்ந்தபின் உள்ளூர்ப் பாதைகளில் பஸ் இல்லாமை. மோட்டார் சைக்கிள் இல்லாத குடும்பம் இங்கே ஏழு மணிக்குப்பின் வீட்டோடு அடங்கிவிடுகிறது.

இத்தனையும் எழுதியபின், நான் ஏன் இன்னும் இங்கே இருக்கிறேன் என்று கேட்பீர்கள். அரை ஏக்கர் வளவில் பலாவும் மாவும் நிற்கின்றன. முற்றத்தில் நாற்காலி போட்டால் அடுத்த வீட்டுச் சத்தம் கேட்காது, ஆனால் கூப்பிட்டால் கேட்கும். இடம்பெயர்ந்தபோது ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போன அயல் இது. மனைவிக்கு முதல் தடவை நெஞ்சு அடைத்த இரவில், நான் தொலைபேசியைத் தேடிக்கொண்டிருந்தபோதே எதிர்வீட்டுப் பெடியன் வானைத் திருப்பி நிறுத்திவிட்டான். அதற்குக் காரணம் எங்கள் வீட்டு விளக்கு நேரமில்லா நேரத்தில் எரிந்ததுதான்.

## வவுனியா

வவுனியா சந்திகளால் வாழும் நகரம். கண்டி வீதியும், மன்னார் வீதியும், திருகோணமலைப் பக்கம் போகும் ஹொறவப்பொத்தானை வீதியும் கூடுமிடத்தில் இருப்பதால், நள்ளிரவிலும் பஸ் கிடைக்கிறது. கொழும்புப் பொருள் கிளிநொச்சியைவிடக் குறைந்த விலைக்கு வருகிறது. வியாபாரம் செய்ய நினைப்பவருக்கு மூன்று ஊர்களிலும் இதுவே சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் நிற்பதால் பிள்ளைகள் மூன்றாவது ஆண்டிலேயே சந்தைச் சிங்களம் பேசுகின்றன. அரச வேலைக்கோ கொழும்புக்கோ போகும் பிள்ளைக்கு அது சிறிய முதலல்ல. நகரசபையாக இருந்தது இப்போது மாநகரசபையாகிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021 ஆகஸ்ட் முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நிற்கிறது. இறம்பைக்குளம், பண்டாரிகுளம் பக்கத்துப் பாடசாலைகளில் ஆசிரியர்கள் பெரும்பாலும் உள்ளூரிலேயே குடியிருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பிற்பகல் மூன்று மணிக்கும் அவர்களைக் காணலாம். மாவட்டக் கணக்கிலும் வவுனியா பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால், கிளிநொச்சியிலிருந்து இங்கே மாறும் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளியில் அதிர்ச்சி குறைவு.

இந்த ஊரின் தண்ணீர்தான் என்னை அச்சப்படுத்தியது. தோணிக்கல்லில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் கேத்தலின் அடியில் இரண்டு கிழமைக்குள் வெள்ளைப் படை கட்டியது. கத்தி முனையால் சுரண்டினால் ஓடுபோலக் கழன்று விழும். பாறைமேல் அமைந்த உலர்வலய நிலத்தில் நீர் வன்மையாகவும் சில இடங்களில் புளோரைட்டு மிகுந்ததாகவும் இருக்கிறது. காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் பிரதேசங்களுள் வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளும் அடங்குகின்றன. பேராறு நீர்த்தேக்கத்திலிருந்து வரும் குழாய்நீர் எட்டும் வீதியா என்பதைக் கேட்காமல் இங்கே வீடு எடுக்க வேண்டாம். எட்டாத இடமென்றால் சுத்திகரித்த தண்ணீரை மாதாமாதம் வாங்கும் செலவை வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்காரர் மோட்டார்ச் சுவிட்சைப் பூட்டிவைத்துக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டும் திறந்துவிடுவார். ஏழு பேர் இருந்த வீட்டில் வாளிகளை வரிசையில் வைத்துக் காத்திருந்தோம். வாடகைக்குப் போகிறவர் மின்மானி தனியாக உண்டா என்பதைப் போலவே, மோட்டார் யார் கையில் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

காணி வாங்குபவருக்கு இன்னொரு எச்சரிக்கை. நகரம் வேகமாகப் பரவும்போது குளங்களின் ஓரமும் வயல்களும் மண் போட்டு நிரப்பப்பட்டுத் துண்டுகளாக விற்கப்படுகின்றன. நிரப்பிய நிலத்தில் முதல் இரண்டு மாரிக்குப்பின் சுவர் வெடிக்கும். பழைய நில அளவைப் படத்தில் அந்த இடம் என்னவாக இருந்தது என்று பார்ப்பதற்கு அரை நாள் போதும்.

வைத்தியத்தில் வவுனியாப் பொது வைத்தியசாலை கிளிநொச்சியைவிட ஒரு படி மேலே நிற்கிறது; இருதய, சிறுநீரகச் சிகிச்சைக்கான புதிய பிரிவும், அவசர சிகிச்சைப் பிரிவும் அங்கே அமைந்திருக்கின்றன. அதற்கும் மேலே தேவைப்பட்டால் அநுராதபுரம் அருகில். எனினும் அநுராதபுரத்தில் நோயைச் சிங்களத்தில் சொல்லத் தெரிய வேண்டும். என் தாயாருக்கு அது தெரியாது. அவர் வலித்த இடத்தைக் கையால் காட்டியே சமாளித்தார்.

## யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணத்தின் நன்மைகளை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. வன்னிக் குடும்பங்கள் தலைமுறைகளாக அவற்றைச் சொல்லியே வளர்ந்திருக்கின்றன. போதனா வைத்தியசாலை, கல்லூரிகள், நூலகம், ஒவ்வொரு சந்தியிலும் ரியூசன், 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலி. வயது முதிர்ந்து மாதமொருமுறை சிறப்பு வைத்தியரைப் பார்க்க வேண்டியவருக்கும், வெளிநாட்டுப் பிள்ளைகளோடு தொடர்பு முக்கியமானவருக்கும் இதைவிட வசதியான ஊர் வடக்கில் இல்லை.

பேசப்படாத செலவுகளை மட்டும் சொல்கிறேன். இங்கே காணி பரப்பில் அளக்கப்படுகிறது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். வன்னியில் அரை ஏக்கரை விற்றவர் அந்தப் பணத்தில் ஒரு பரப்போ இரண்டோ வாங்கினால் பெரிய காரியம். அந்தச் சிறு வளவுக்குள் வீடு, கிணறு, மலக்குழி மூன்றும் அடங்க வேண்டும். மகள் வீட்டுக் கிணற்றிலிருந்து மதிலுக்கு அப்பாலுள்ள பக்கத்து வீட்டு மலக்குழி வரை நான் ஒருநாள் அடியளந்தேன். பதினெட்டு அடிதான் இருந்தது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே விழுவது விரைவில் கீழே போகும். உரமும் கழிவும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வருவது நீண்டகாலமாக அறியப்பட்ட பிரச்சினை. இரணைமடுத் தண்ணீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்குக் கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததையும், பின்னர் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டதையும் எல்லோரும் அறிவார்கள். குழாய் வரும் இடத்தில் வீடு கிடைத்தால் இந்தக் கவலையில் பாதி குறையும்.

காணி உறுதிக் காணி என்பது நிம்மதி தருவதாகத் தோன்றும். ஆனால் ஒரே வளவுக்கு ரொறன்ரோவில் ஒருவரும் லண்டனில் இருவருமாகப் பங்காளிகள் இருப்பார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி காணியைப் பங்காளிகளிடம் முதலில் கேட்டாக வேண்டும். அவர்கள் கொடுத்த அற்றோணித் தத்துவம் (தமக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) பழையதாக இருக்கும். முப்பது ஆண்டுக் காணிப் பதிவேடான தோம்பைத் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். வன்னியிலிருந்து போய்க் குடியேறுபவரிடம் முதல் மாதத்திலேயே "நீங்கள் எந்த இடம்?" என்று கேட்கப்படும். அன்பாகக் கேட்பவர்களும் உண்டு. சாதியை அறியக் கேட்பவர்களும் உண்டு. மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வரும். பிள்ளைகளை அங்கே அனுப்புகிற பெற்றோர் இதை அறிந்தே அனுப்ப வேண்டும்.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | கிளிநொச்சி | வவுனியா | யாழ்ப்பாணம் |
|---|---|---|---|
| குடிநீர் | வாய்க்காலுக்குக் கீழே நல்லது. பூநகரிப் பக்கம் உவர் | வன்மை, சில இடங்களில் புளோரைட்டு. குழாய்நீர் அவசியம் | நைத்திரேற்று, உவர். நெருங்கிய மலக்குழிகள் |
| கெட்ட காலம் | மார்கழி வெள்ளம், ஆவணிப் புழுதி | ஆவணி, புரட்டாதி வறட்சி | கோடையில் கிணறு உவர்த்தல் |
| காணிப் பத்திரம் | பெரும்பாலும் அனுமதிப்பத்திரம் | கலந்தது. நிரப்பிய நிலம் கவனம் | உறுதி. பங்காளிச் சிக்கல் |
| உயர்தரப் படிப்பு | ஆசிரியர் குறை. மாவட்டக் கணக்கு சாதகம் | நிலையான ஆசிரியர். மாவட்டக் கணக்கு சாதகம் | ஆசிரியர், ரியூசன் தாராளம். போட்டி கடுமை |
| சிறப்பு வைத்தியம் | யாழ்ப்பாணத்துக்குப் பயணம் | இருதய, சிறுநீரகப் பிரிவு உண்டு | போதனா வைத்தியசாலை அருகில் |
| உழைப்பு | கமம், அரச வேலை, ஆடைத் தொழில் | வியாபாரம், போக்குவரத்து | சேவைகள், வியாபாரம், வெளிநாட்டுப் பணம் |

கொழும்பை இதில் சேர்க்கவில்லை. வேலை அங்கேயே கிடைத்துவிட்டால் தெரிவு என்று ஒன்று இருக்காது. வேலை இல்லாமல் போவதற்கு வெள்ளவத்தை வாடகை இடம் கொடாது.

## யாருக்கு எது

கமம், கால்நடை, பழத்தோட்டம் என்று காணியைப் பயன்படுத்தப்போகிறவர்களும், பிள்ளைகள் இன்னும் தரம் 6க்குக் கீழே இருப்பவர்களும் கிளிநொச்சியில் இருக்கலாம் என்பது என் தீர்ப்பு. பிள்ளை ஏற்கெனவே இங்கே நன்றாகப் படிக்கிறதென்றால், உயர்தரம் முடியும்வரை அசைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துக்கு மாறிக் குடியிருக்கும் செலவில் ஒரு பங்கைக் கொண்டு இங்கேயே நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரு நல்ல கணித ஆசிரியரை வார இறுதியில் அழைத்து வரலாம். உருத்திரபுரத்தில் சில பெற்றோர் அப்படிச் செய்தார்கள். சாப்பாட்டை முறை வைத்துக் கொடுத்தார்கள்.

காணியைத் தரிசாகப் போட்டுவிட்டு வீட்டுக்குள் இருக்கப்போகிறவருக்குக் கிளிநொச்சி பொருந்தாது. அவருக்கு இந்த ஊரின் எல்லாச் செலவும் உண்டு, வரவு இல்லை. கடை போட நினைப்பவர், கணவனும் மனைவியும் வெவ்வேறு மாவட்டங்களில் வேலை செய்பவர், சிறுநீரக நோய் இல்லாத இருதய நோயாளியை வைத்திருப்பவர் ஆகியோர், குழாய்நீர் வரும் வீதியில் வீடு கிடைத்தால், வவுனியாவுக்குப் போகலாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரும், தனியாக வாழும் முதியவரும் யாழ்ப்பாணம் போவதே சரி. அவர்களிடம் ஊர்ப்பற்றைப் பேசி நிறுத்துவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். என் மனைவியின் நிலை இன்னும் மோசமானால் நானும் வாசல் பூட்டிவிட்டுப் போவேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கே என்றாலும் முதல் ஆண்டு வாடகைக்கு இருங்கள். அதுவும் புரட்டாதியில் தொடங்குங்கள். வறட்சியின் கடைசியில் கிணற்றின் அடியையும், மூன்று மாதம் கழித்து முற்றத்தின் தண்ணீர் மட்டத்தையும் ஒரே வாடகைக்குள் பார்த்துவிடலாம். தரகர் சொல்வதைக் கேட்டபின் பக்கத்து வீட்டில் தண்ணீர் அள்ளும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் தங்கை வெள்ளத்துக்குப்பின் வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது, அந்தச் சேற்றுக்கோடு இருந்த இடத்தில் ஒரு சாண் அகலத்தை அடிக்காமல் விட்டுவிட்டாள். போன ஆண்டு அடுத்த காணியைப் பார்க்க ஓர் இளம் தம்பதியர் கைக்குழந்தையோடு வந்தார்கள். அவள் அவர்களை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, சுவரைக் காட்டி, "பிள்ளையை இதுக்குப் பக்கத்தில நிப்பாட்டிப் பாருங்கோ" என்றாள். அவர்கள் அந்தக் காணியை வாங்கவில்லை. வாய்க்காலுக்கு அப்பால், மேட்டுப்பக்கமாகக் கால் ஏக்கர் பார்த்து, இப்போது கிணறு வெட்டுகிறார்கள்.